தங்கம்மாள் நடத்திய பேச்சுப் பள்ளிக்கூடம்

செம்பியன்வாய்க்காலில் நடந்ததைக் கூலித் தகராறு என்றுதான் பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். தகராறு என்றால் இரண்டு பேர் கைகலந்துவிட்டுச் சாயங்காலம் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அங்கே நடந்தது யுத்தம். ஒரு பக்கம் வேலிக்கணக்கில் நிலம், தடியோடு காவலாட்கள், கூப்பிட்டால் வந்து நிற்கும் போலீஸ் வேன். இன்னொரு பக்கம் தெற்குத்தெரு, ஐம்பத்திரண்டு குடிசை, ஒற்றை மூங்கிலில் கட்டிய சிவப்புக் கொடி. அறுப்புக்கு வெளியூர் ஆளைக் கொண்டுவந்து இறக்குவதா, உள்ளூர் ஆளுக்கே வேலையைக் கொடுப்பதா என்பதில் ஆரம்பித்தது. மூன்று போகமாக ஓயவில்லை. அந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, எதிராளியோடு பேசித் தீர்த்துக்கொள்வது எப்படி என்று அந்தத் தெருவுக்குப் பாடம் நடத்த ஒருத்தி சைக்கிளில் வந்தாள். அவள் பெயர் தங்கம்மாள்.

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு பண்ணைத் தெருவில் பிறந்தவள். அப்பா தங்கையன் பரம்பரைப் பண்ணையாள். அந்தத் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண் அவள்தான். பிளாக் ஆபீசில் கிராம சேவிகா வேலை கிடைத்தது. புகையில்லாத அடுப்பு, கோழி வளர்ப்பு, பெரியவர்களுக்கு எழுத்துப் பயிற்சி என்று ஏழு ஊர்களுக்கு சைக்கிள் மிதிப்பாள். பொம்பளை சைக்கிள் விடுவதைப் பார்க்க மதகில் ஆள் உட்கார்ந்திருப்பார்கள். பார்த்துச் சிரித்தவன் பக்கத்தில் போய் வண்டியை நிறுத்தி, "என்ன பார்த்தீங்க, சொல்லுங்க" என்று கேட்பாள். அவன் எழுந்து போகும்வரை கிளம்ப மாட்டாள்.

கோபக்காரி. ஒருநாள் பிளாக் ஆபீசில் எல்லோருக்கும் கண்ணாடி கிளாசில் டீ வந்தது. அவளுக்கு மட்டும் அலுமினிய டம்ளரில் வந்தது. அந்த டீயை அப்படியே மேசைமேல் இருந்த தபால் கட்டின்மீது ஊற்றிவிட்டு வெளியே போய்விட்டாள். ஆட்சி மாறி, சாதி ஒழிப்பும் சமதர்மமும் பேருந்து நிலையச் சுவரெல்லாம் எழுதியிருந்த காலம் அது. அதனால் அவளை வேலையைவிட்டு நீக்கப் பயந்தார்கள். அதற்குப் பதிலாகப் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குள் சமாதான நிலையம் ஒன்று இருந்தது. பூசலை ஆராய்வது, நடுநின்று பேசுவது, எதிராளியோடு உரையாடுவது என்று அங்கே வகுப்பெடுத்தார்கள். ஆபீசர் கையெழுத்துப் போடும்போது, "இந்தப் பொண்ணுக்குத்தான் இது வேணும்" என்று சொன்னாராம்.

நிலையத்தில் பாடம் எடுத்தவர் பிரகதாம்பாள் என்ற ஓய்வுபெற்ற காலேஜ் ஆசிரியை. கதர்ப் புடவை, மெல்லிய குரல். முதல் நாளே தங்கம்மாள் எழுந்து கேட்டாள்: "அடிக்கிறவன் அடிச்சுக்கிட்டே இருக்கான். அவன்கிட்ட எப்படிங்கம்மா பேசுறது?"

"அதுக்காகத்தான் முதல்ல கேக்கக் கத்துக்கறோம்" என்றார் அந்த அம்மா.

நான்கு நாள் தங்கம்மாள் கையைக் கட்டிக்கொண்டு முகத்தைச் சுளித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் நாள் ஒரு பயிற்சி. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் தன் குறையைச் சொல்ல வேண்டும். மற்றவர் மறுத்துப் பேசக்கூடாது. கேட்டதைத் தன் வாயால் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் 'ஆமாம், இதைத்தான் சொன்னேன்' என்று ஒப்புக்கொண்ட பிறகே மற்றவர் தன் பேச்சைத் தொடங்கலாம். தங்கம்மாளுக்கு ஜோடியாக வந்தவள் மிராசுதார் வீட்டுப் பெண். தங்கம்மாள் டம்ளர் கதையைச் சொன்னாள். அந்தப் பெண், "எல்லாருக்கும் கிளாஸ்ல குடுத்தாங்க, எனக்கு மட்டும் டம்ளர்ல குடுத்தாங்க" என்று ஆரம்பித்தாள். பாதியில் அழுதுவிட்டாள். தன் தெருவின் வார்த்தை ஒரு மேல்தெருப் பெண்ணின் வாயிலிருந்து வருவதைத் தங்கம்மாள் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள். அன்றிலிருந்து அந்தப் பாடத்தை நம்ப ஆரம்பித்தாள். அரைகுறையாக அல்ல, முழுசாக நம்பினாள்.

ஐப்பசியில் செம்பியன்வாய்க்காலில் வகுப்பைத் தொடங்கினாள். களையெடுத்துவிட்டுக் கரையேறி வருகிற பெண்களும் ஆண்களும் சேறு காயாத காலோடு காளியம்மன் திடலில் உட்காருவார்கள். கரும்பலகை கிடையாது. அடுப்புச் சாம்பலால் தரையில் படம் போடுவாள். சண்டையில் யார் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கு ஆளுக்கொரு வட்டம். பலம் கூடியவருக்குப் பெரிய வட்டம்.

நாற்று நடும் பெண்கள் கொத்துக்குத் தலைவி காத்தாயி. அவள் படத்தைச் சுற்றி வந்து பார்த்தாள். "ஆண்டைக்கு வட்டம் போட இந்தத் திடல் பத்தாது தங்கம்மா. வாய்க்காலத் தாண்டிப் போட்டுக்கிட்டே போவணும்."

"நமக்கு எவ்வளவு பெரிசு போடலாம்க்கா?"

"நமக்கு நீ வச்ச புள்ளியே போதும். அதையும் கோழி கெளறிடப் போவுது."

திடலே சிரித்தது. காத்தாயியின் புருஷன் மருதையன் மட்டும் சிரிக்கவில்லை. சங்கத்துக் கொடியை நட்டவன் அவன். அதற்காக ஒருமுறை காவலாட்களிடம் அடிபட்டு, இடது முழங்கையை மடக்க முடியாமல் போனவன். "பேசித் தீக்கறதுக்கு என்ன இருக்கு? அவங்க பேசவா வராங்க?" என்று எழுந்து போவான். தங்கம்மாள் விடவில்லை. அவன் வரப்பு வெட்டும் இடத்துக்கே போய் நின்று பேசினாள். கடைசியில், "சரி, இந்தப் பொண்ணு இவ்வளவு தூரம் சைக்கிள் மிதிக்குது" என்று வந்து உட்கார்ந்தான். எழுத்துப் பயிற்சியிலும் சேர்ந்து, மார்கழிக்குள் தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டான்.

பேச்சென்றால் இரண்டு பக்கமும் கற்க வேண்டும் என்று நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். தங்கம்மாள் மிராசுதார் குஞ்சிதபாதத்தின் வீட்டுக்கும் போய் அழைத்தாள். அவர் ஊஞ்சலை நிறுத்தாமல் பதில் சொன்னார்: "நான் எதுக்கு வரணும்? அவனுங்களுக்குத்தான் பேசத் தெரியல." ஆனாலும் மறுநாள் தன் காரியக்காரர் செல்லதுரையை அனுப்பிவைத்தார். பண்ணை வேலைகளையெல்லாம் மேற்பார்க்கிற ஆள். குடையை விரித்துப் பிடித்தபடி திடலில் உட்கார்ந்து, மூன்று நாள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

மூன்றாம் நாள் தங்கம்மாள் ஆட்களை மாற்றி நடிக்கச் சொன்னாள். செல்லதுரை கூலியாள், மருதையன் ஆண்டை. செல்லதுரை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஆண்டே, ரெண்டு நாளா அடுப்பு எரியல" என்று குழைந்தபோது பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு மருதையன் முறை. நின்றான். செல்லதுரையைப் பார்த்து ஒரு 'டா' போட வேண்டும், அவ்வளவுதான். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. "வேற யாரையாச்சும் சொல்லச் சொல்லுங்க" என்று போய் உட்கார்ந்துவிட்டான்.

செல்லதுரை கிளம்பும்போது கும்பிட்டார். "நல்ல வித்தைம்மா. எதிராளி சொன்னத நம்ம வாயால சொல்லணும். அதானே?"

"அதான் சார். அப்புறம்தான் நம்ம பேச்சு" என்றாள் தங்கம்மாள். அந்த ஆளுக்குப் பாடம் நன்றாகப் புரிந்துவிட்டது என்று அன்றைக்கு அவளுக்கு ஒரே சந்தோஷம்.

தை பிறந்து அறுப்பு வந்தது. பொங்கல் முடிந்த நாலாம் நாள் மூன்று வண்டி வெளியூர் ஆட்கள் வந்தார்கள். தெற்குத்தெரு மொத்தமும் மதகில் உட்கார்ந்து வழியை மறித்தது. தள்ளுமுள்ளு, மண்டை உடைப்பு. அன்றைக்கு மத்தியானமே மிராசுதாரின் களத்தில் இருந்த வைக்கோல் போர் தீப்பிடித்து எரிந்தது. களத்துக்கும் மதகுக்கும் ஒரு மைல் தூரம். தெருவே மதகில்தான் இருந்தது. யார் வைத்த நெருப்பு என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மருதையன்தான் வைத்தான் என்று குஞ்சிதபாதம் மனு கொடுத்தார். சாட்சி இல்லாததால் போலீசார் அவனைப் பிடிக்கவில்லை. விளைந்த நெல் வயலில் தலைசாய்ந்து கிடந்தது.

ஏழாம் நாள் இரண்டு தரப்பையும் வைத்துப் பேசத் தாசில்தார் ஜீப்பில் வந்தார். பேச இடம் எது தெரியுமா? மிராசுதாரின் களம். அங்கேதான் கொட்டகை நிழலும் நாற்காலியும் இருந்தன. நாற்காலி இரண்டு. ஒன்றில் தாசில்தார், ஒன்றில் குஞ்சிதபாதம். அஹமது கபீர் என்ற குமாஸ்தா நெல்மூட்டைமேல் உட்கார்ந்து மடியில் தாளை வைத்துக்கொண்டார். தெருக்காரர்கள் வெயிலில் நின்றார்கள். தங்கம்மாளும் நின்றாள். அவளுக்குப் பெருமையாக இருந்தது. தான் சொல்லிக்கொடுத்த பாடம் நிஜச் சண்டையில் இறங்கப்போகிறது.

குஞ்சிதபாதம் தொண்டையைச் செருமினார். செல்லதுரை அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"நான் சொல்றதக் கேட்டுக்க. நீ ஆளச் சேத்துக்கிட்டு மதகுல வழிய மறிச்ச. வண்டி மாட்ட அவுத்துவிட்ட. என் போருக்கு நெருப்பு வச்ச. இப்ப நான் சொன்னத உன் வாயால சொல்லு. உங்க சேவிகா அப்படித்தானே சொல்லிக்குடுத்திருக்கு? சொல்லு, அப்புறம் உன் குறையக் கேக்கறேன்."

மருதையன் திரும்பித் தங்கம்மாளைப் பார்த்தான்.

'சொல்லுங்க' என்பதுபோல் அவள் தலையசைத்தாள்.

அந்தத் தலையசைப்பைத் தங்கம்மாள் வாழ்நாள் முழுக்க மன்னிக்கவில்லை.

மருதையன் துண்டை இடுப்பில் கட்டினான். மடங்காத கையை மடங்கும் கையால் பிடித்துக்கொண்டான். "ஆண்டை சொன்னத நான் சொல்றேன்" என்று சரியாகத்தான் ஆரம்பித்தான். "மதகுல வழிய மறிச்சோம். வண்டி மாட்ட அவுத்துவிட்டேன். போருக்கு நெருப்பு வச்சேன்."

குமாஸ்தா பேனாவை நிறுத்தி, "ஆண்டை சொன்னத நான் சொல்றேன்னு முதல்ல சொன்னாரே, அதையும் சேக்கணுங்களா?" என்று கேட்டார்.

"பீடிகையெல்லாம் எதுக்கு? விஷயத்த மட்டும் எழுதுங்க" என்றார் தாசில்தார்.

"ஆமா, இதத்தான் சொன்னேன்" என்று குஞ்சிதபாதம் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். மருதையன் தன் குறையைச் சொல்ல வாயைத் திறந்தான். கேட்க அங்கே ஆள் இல்லை. மிராசுதார் வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.

தாளை நீட்டினார்கள். இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டதற்கு அடையாளம் என்று நினைத்து மருதையன் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, தன் பெயரை எழுதினான். கைநாட்டு வைக்கவில்லை. கையெழுத்தே போட்டான். அதையும் அவள்தான் கற்றுக்கொடுத்திருந்தாள். ஜீப்புக்குப் பின்னால் நின்றிருந்த இரண்டு போலீஸ்காரர்கள் வந்து அவன் தோளில் கை வைத்தார்கள்.

தங்கம்மாள் தாசில்தார் முன்னால் ஓடினாள். "சார், அவரு ஒத்துக்கல. இது ஒரு பயிற்சி சார். எதிராளி சொன்னத மொதல்ல திருப்பிச் சொல்லணும்னு நான்தான் சொல்லிக்குடுத்தேன். செல்லதுரை சாரக் கேளுங்க, அவரும் மூணு நாள் வந்தாரு."

"நானா? கோழி வளக்கறதப் பத்திச் சொன்னாங்க சார். போய்ப் பாத்தேன்" என்றார் செல்லதுரை.

"அப்ப அதையே பாரும்மா" என்று சொல்லிவிட்டுத் தாசில்தார் ஜீப்பில் ஏறினார்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாய்க்கால் கரையில் வந்தவள் பாதி வழியில் நின்றாள். அப்பா ஞாபகம் வந்தது. அவளுக்கு அப்போது ஏழு வயது. அப்பா மேய்த்த கன்று நாற்றங்காலில் வாய் வைத்துவிட்டது. களத்துக்குக் கூப்பிட்டார்கள். ஆண்டை குற்றத்தைச் சொன்னார். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அதைத் தன் வாயால் திருப்பிச் சொன்னார்: "கன்ன விட்டுட்டேன் ஆண்டே. நாத்த மேய விட்டுட்டேன்." பண்ணையில் அதுதான் வழக்கம். ஆள் தன் பிழையைத் தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அடி. சொல்லாதவனுக்கு, சொல்லும்வரை அடி. களத்தில் நின்று திருப்பிச் சொன்னால், உன்னைக் கேட்டேன் என்று அர்த்தமில்லை. பிழை என்னுடையது, அடியுங்கள் என்றுதான் அர்த்தம். தலைமுறை தலைமுறையாக அந்த ஜனங்களுக்குத் தெரிந்த ஒரே திருப்பிச் சொல்லல் அதுதான்.

இது அவளுக்குத் தெரியும். கண்ணால் பார்த்து வளர்ந்தவள். பத்து நாள் தென்னந்தோப்பில் உட்கார்ந்ததில் மறந்துபோனாள். பிரகதாம்பாளுக்குத் தெரியாததில் வியப்பில்லை. தங்கையன் மகளுக்குத் தெரியவில்லை என்றால் அதை என்ன சொல்வது? அந்தப் பாடத்தைத் திடலில் நடத்திவிட்டுக் களத்தில் ஒப்பிக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று, மூன்றே நாள் படித்த செல்லதுரைக்குப் புரிந்திருக்கிறது. அவள் சைக்கிள் கைப்பிடியை அடித்தாள். கை வீங்கும்வரை அடித்தாள்.

மறுநாள் திடலுக்குப் போனாள். போகாமல் இருந்திருக்கலாம். காத்தாயி தனியாக உட்கார்ந்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"வாம்மா. பள்ளிக்கூடம் நல்லா நடக்குதா?"

"அக்கா..."

"அவரு பாட்டுக்கு 'பேச மாட்டேன்'னு இருந்தாரு. வரப்புல வந்து நின்னு நின்னு நீதான் பேசச் சொன்ன. பேசிட்டாரு. இனிமே பத்து வருசம் உள்ள உக்காந்து பேசிக்கிட்டே இருக்கட்டும்."

"என் தப்புதான்க்கா."

"பாரு, நீயும் சொல்லிட்ட. எழுதிக்க ஆளு இல்ல, தப்பிச்ச." காத்தாயி அரிவாளின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. வாயால சொன்னா எழுதிக்குவாங்களா? யாரு சொன்னாலும்?"

"எழுதிக்கத்தான் வேணும்."

"நெருப்பு வச்சேன்னு சொன்னா?"

அப்போதுதான் தங்கம்மாளுக்குப் புரிந்தது. "வேணாம்க்கா. எல்லாரையும் புடிச்சு உள்ள போட்டுருவாங்க."

"போடட்டும். அம்பத்திரண்டு குடிசையையும் ஜெயில்ல வச்சுட்டு ஆண்டை எங்க நெருப்பு வைப்பாருன்னு பாக்கறேன்" என்று காத்தாயி எழுந்தாள். "நீ வரவேணாம். நீ கவர்மென்ட்டு ஆளு."

வெள்ளிக்கிழமை காலையில் நாற்பத்தாறு பேர் தாலுகா ஆபீசுக்கு ஏழு மைல் நடந்தார்கள். தங்கம்மாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஒதுங்கியே வந்தாள். சங்கத்து ஆட்களோடு அரசு ஊழியர் போராட்டத்தில் நிற்கக்கூடாது என்பது விதி. வீட்டில் அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் படலம் விழுந்திருந்தது. அவள் வேலை ஒன்றில்தான் அந்த வீடு நின்றது. அதனால் ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில், வெளியே நின்றுகொண்டாள்.

முதலில் காத்தாயி உள்ளே போனாள். அஹமது கபீர் நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா?"

"போருக்கு நெருப்பு வச்சது நான்தான். எழுதிக்குங்க."

"மருதையன் வச்சதா..."

"அவரும் வச்சாரு. நானும் வச்சேன். குடும்பமாத்தான் வச்சோம்."

அவளுக்குப் பின்னால் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி. "நானும் வச்சேன்." அவளுக்குப் பின்னால் வள்ளியம்மை என்ற கிழவி. எந்தப் போருக்கு வைத்தாய் என்று குமாஸ்தா கேட்டதற்கு, "எத்தன போரு இருக்கோ அத்தனைக்கும்" என்றாள். அடுத்து வந்தவன் சம்பவத்தன்று ஊரிலேயே இல்லாத ஆள்.

"நீ அன்னைக்கு எங்கய்யா இருந்த?"

"வேதாரண்யத்துல உப்பளத்துல வேலைக்குப் போயிருந்தேங்க."

"பின்ன எப்படி நெருப்பு வச்ச?"

"அங்கேருந்தே வச்சேங்க. காத்து எங்க பக்கம்."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. அஹமது கபீர் சிரிக்கவில்லை. களத்தில் தான் எழுதாமல் விட்ட அந்த ஒரு வரி அவரைக் குடைந்திருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தாள் எடுத்து, பெயர், தகப்பன் பெயர், ஊர், குற்றம் என்று எதையும் விடாமல் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டே போனார். பதினொன்றாம் தாளில் தாசில்தார் அறையிலிருந்து வெளியே வந்தார்.

"என்ன கூத்து இது? எழுதறத நிறுத்துங்க."

"களத்துல ஒருத்தரு வாயால சொன்னத எழுதினீங்க. இங்க நாங்களும் வாயாலதான் சொல்றோம். அங்க காது கேட்டுச்சே, இங்க கேக்கலையா?" என்றாள் காத்தாயி.

தாசில்தார் முகம் கறுத்தது. ஜன்னல் வழியே வேப்பமரத்தடியைப் பார்த்தார். நேரே வெளியே போனார். "நீதானே எல்லாத்துக்கும் காரணம்? இப்பவே இவங்களக் கூட்டிக்கிட்டுப் போ. நீ சொன்னா கேப்பாங்க. கூட்டிக்கிட்டுப் போனா நான் ரிப்போர்ட் எழுத மாட்டேன். இல்லேன்னா நாளைக்கு உனக்கு வேலை இருக்காது. இரண்டு பக்கமும் பேசித் தீக்கறவதானே நீ? தீத்து வை."

அவர் கேட்டது சின்ன விஷயம்தான். 'அக்கா, வாங்க போகலாம்' என்று ஒரு வார்த்தை. காத்தாயி கேட்காவிட்டாலும் பாதிப்பேர் கேட்டிருப்பார்கள். காலையிலிருந்து யார் வயிற்றிலும் ஒன்றும் இல்லை. கர்ப்பிணி தூணில் சாய்ந்திருந்தாள். தாள் பதினொன்றோடு நின்றிருக்கும். மருதையன் உள்ளேயே கிடந்திருப்பான். நடுநிலை என்று பத்து நாள் கேட்ட வார்த்தைக்கு இந்த இடத்தில் என்ன பொருள் என்று தங்கம்மாளுக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது. நாற்காலியில் இருக்கிறவருக்கு வசதியான இடத்தில் போய் நிற்பது.

சைக்கிளை மரத்தில் சாய்த்தாள். தாசில்தாரைத் தாண்டி உள்ளே நடந்து வரிசையின் கடைசியில் போய் நின்றாள். எழுதுவதை நிறுத்தச் சொன்னவர் திட்டிக்கொண்டே, அவள்மேல் ரிப்போர்ட் கொடுக்க ஜீப்பில் பிளாக் ஆபீசுக்குப் போய்விட்டார். உள்ளே அஹமது கபீர் பன்னிரண்டாம் தாளை எடுத்திருந்தார். அவள் முறை வரும்போது மணி மூன்றாகிவிட்டது.

"நீங்க எதுக்கும்மா? போயிடுங்க" என்று குரலைத் தணித்துச் சொன்னார் அவர்.

"எழுதுங்க சார். தங்கம்மாள், தகப்பன் பேரு தங்கையன். பிளாக் ஆபீஸ், கிராம சேவிகா. போருக்கு நெருப்பு வச்சது நான்தான். எப்படி வைக்கணும்னு மருதையனுக்குச் சொல்லிக்குடுத்ததும் நான்தான்."

அவர் எழுதினார். அவள் படித்துப் பார்த்து, ஒரு வார்த்தை விடுபடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கையெழுத்துப் போட்டாள்.

கேஸ் கட்டு கோர்ட்டுக்குப் போனபோது மருதையனின் ஒரு தாளோடு நாற்பத்தேழு தாளும் சேர்ந்தே போயின. ஒரே போருக்கு நாற்பத்தெட்டுப் பேர், அதில் ஒருவர் வேதாரண்யத்திலிருந்து. மாஜிஸ்ட்ரேட் அதைப் படித்துவிட்டு மருதையனை ஜாமீனில் விட்டார். ஆடிக்குள் வழக்கு தள்ளுபடியானது. இதை வெற்றி என்று சொல்ல வாய் வரவில்லை. மருதையன் உள்ளே இருந்த இருபத்திரண்டு நாளில் வெளியூர் ஆட்கள் அறுப்பை முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். தெற்குத்தெருவுக்கு அந்த சம்பாவில் ஒரு கதிர்கூடக் கிடைக்கவில்லை. பொய்க் குற்றம் எழுதிக் கொடுத்த மிராசுதாரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. தாசில்தாருக்குப் பதவி உயர்வு வந்தது. செல்லதுரை அதே குடையோடு அதே வரப்பில் நடந்தார். வேலை போனது ஒருத்திக்குத்தான்.

மாசிக் கடைசியில் மருதையன் நீடாமங்கலத்துக்கு பஸ் ஏறி, அங்கிருந்து நடந்து, தங்கம்மாள் வீட்டைக் கண்டுபிடித்து வந்தான். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "வாங்கண்ணே. உக்காருங்க."

அவன் உட்காரவில்லை. நின்றபடியே திட்ட ஆரம்பித்தான். லாக்கப்பில் வாங்கிய அடியைச் சொன்னான். மகன் பட்டினியாகப் படுத்ததைச் சொன்னான். படித்தவர்கள் இரண்டு நாள் வந்து விளையாடிவிட்டுப் போவதற்குத் தெற்குத்தெரு என்ன பொம்மையா என்று கேட்டான். களத்தில் நின்றபோது தன் அப்பன் குரல் தன் வாயில் வந்ததைச் சொன்னான். அரை மணி நேரம் நிறுத்தவில்லை. 'டீ' என்றுகூட ஒருமுறை சொன்னான். உள்ளேயிருந்து தங்கையன் தட்டுத் தடுமாறி வந்து, "யாரும்மா அது?" என்று கேட்டார். அவள் அப்பாவின் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, திரும்பவும் வந்து மருதையன் எதிரில் நின்றுகொண்டாள். ஒரு வார்த்தை மறுக்கவில்லை. ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவும் இல்லை.

பேசி முடித்ததும் அவன் குரல் கம்மியிருந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்தான்.

"குறுவை நடவுக்கு மறுபடி பேச்சு வருதாம். ஞாயித்துக்கிழமை திடலுக்கு வாங்க."

"எனக்கு இப்ப வேலை இல்லண்ணே. யாரும் என்னை அனுப்பல."

"அதனாலதான் கூப்பிடறேன். இனிமே அந்தக் களத்துல நாங்க நிக்க மாட்டோம். பேசணும்னா அவரு நம்ம திடலுக்கு வரணும். வந்து தரையில உக்காரணும். எழுதறதுக்கு நம்ம ஆளு ஒண்ணு பக்கத்துல இருக்கணும். அதுக்கு என்ன செய்யணும்னு உங்க பாடத்துல எங்கயாச்சும் இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா உக்காந்து யோசிப்போம்."

சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தான்.